கொசஸ்தலையாறும் மலை வேட்டையும்: தமிழகத்தில் வில்லின் வரலாறு

காத்திவாக்கம் வடசென்னையில் வங்கக் கடலுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் இடையே அமைந்துள்ள பகுதி ஆகும். 1708ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி முகலாய ஆட்சியிடமிருந்து பெற்ற ஐந்து ஊர்களுள் இதுவும் ஒன்று. திருவொற்றியூர், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகியவை மற்ற நான்கு. தனி நகராட்சியாக இருந்த காத்திவாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அனல்மின் நிலையம், வாகனத் தொழிற்சாலை, துறைமுகம் ஆகியவற்றால் இன்று அறியப்படும் இப்பகுதிக்கும் மலை வேட்டைக்கும் தொடர்பு உண்டு என்றால் வியப்பாக இருக்கலாம். அந்தத் தொடர்பை ஏற்படுத்துவது கொசஸ்தலையாறு.

கொற்றலையாறு என்றும் அழைக்கப்படும் இந்த ஆறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. இதன் துணையாறான நகரியாறு ஆந்திர எல்லையில் உள்ள நகரி மலைப் பகுதியிலிருந்து வருகிறது. காத்திவாக்கத்திலிருந்து ஆற்றை எதிர்த்துச் சென்றால் பூண்டி நீர்த்தேக்கமும், அதற்கு அப்பால் அல்லிக்குழி மலைகளும் வரும். தென்னிந்தியாவில் மனிதன் விலங்குகளைத் தேடி அலைந்ததற்கான மிகப் பழைய சான்றுகள் இந்த ஆற்றுப்படுகையில்தான் கிடைத்துள்ளன. கல் கோடரியில் தொடங்கி வில், துப்பாக்கி, சட்டம் என்று நீளும் வேட்டையின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆற்றின் மேற்பகுதியில் கற்கருவிகள்

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் புட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உறுதிசெய்த முதல் கண்டுபிடிப்பு அது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர்.

சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்தனர். 2011இல் வெளியான ஆய்வு முடிவு, அங்குக் கிடைத்த அச்சூலியக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று காட்டியது. 2018இல் வெளியான மற்றொரு ஆய்வு, பெரிய கைக்கோடரிகளை விட்டுச் சிறிய, நுட்பமான கருவிகளுக்கு மாறும் இடைப் பழைய கற்காலம் அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதை எடுத்துரைத்தது. விலங்குகளின் புதைபடிவப் பற்களும் குளம்புத் தடங்களும் அங்கே கிடைத்துள்ளன.

அத்திரம்பாக்கத்துக்கு அருகே அல்லிக்குழி மலையில் குடியம் குகைகள் உள்ளன. 1960களின் தொடக்கத்தில் இங்கும் அகழாய்வு நடைபெற்றது. ஆற்றங்கரையில் நீர், மலையில் நிழலும் கல்லும், இடையே மேய்ச்சல் விலங்குகள் என்று வேட்டைக்கு வேண்டிய மூன்றும் ஒரே படுகையில் அமைந்திருந்தன.

ஆனால், இக்காலத்து மனிதனிடம் வில் இருந்ததற்குச் சான்று இல்லை. கைக்கோடரி நேரடியாகக் கையில் பிடித்து வெட்டவும் கிழிக்கவும் பயன்படும் கருவி. விலங்கைத் தொலைவிலிருந்து கொல்வதற்கு மனிதன் இன்னும் பல இலட்சம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

வில் எப்போது வந்தது?

மரமும் நாரும் மட்கிப் போகும் பொருட்கள் என்பதால் பழங்கால வில் அப்படியே கிடைப்பது அரிது. அம்பின் முனையாகப் பயன்பட்ட கல் அல்லது எலும்பைக் கொண்டே வில்லின் பழமையை அறிய வேண்டியுள்ளது.

தெற்காசியாவில் வில்லுக்கான மிகப் பழைய சான்று இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில் உள்ள பாகியன் குகையிலிருந்து வந்தது. ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்பு முனைகள் அங்குக் கிடைத்தன. அவற்றில் உள்ள தேய்வும் முறிவும், அவை அம்பு முனைகளாக வேகமாக மோதியதைக் காட்டுவதாக 2020இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். மழைக்காட்டின் மர உச்சிகளில் வாழும் குரங்கு, அணில் போன்றவற்றை வேட்டையாட வில் உதவியது. எறியீட்டியால் எட்ட முடியாத உணவை வில் மனிதனுக்கு எட்ட வைத்தது.

தமிழகத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளின் செம்மணல் தேரிகளில் நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. விரல் நகம் அளவே உள்ள கூர்முனைகளும் பிறைவடிவக் கற்களும் இவற்றில் அடங்கும். இத்தகைய சிறு கற்களைப் பிசினால் ஒட்டி அம்பின் முனையாக்குவது உலகின் பல பகுதிகளில் நிலவிய வழக்கம்.

வில் வேட்டையின் இயல்பு

வில் ஒரு வகையில் ஆற்றலைச் சேமிக்கும் கருவி. நாணை இழுக்கும்போது கையின் உழைப்பு வளைந்த மரத்தில் மெல்லச் சேர்கிறது. நாணை விட்டதும் அந்த ஆற்றலின் பெரும்பகுதி நொடிப்பொழுதில் அம்புக்குச் செல்கிறது. தமிழில் வில்லுக்குச் சிலை, தனு என்ற பெயர்களும், அம்புக்குக் கணை, பகழி, வாளி என்ற பெயர்களும், அம்புக்கூட்டுக்குத் தூணி என்ற பெயரும் உண்டு. நாணில் பொருந்தும் அம்பின் அடிப்பகுதி குதை எனப்படும். ஒரு கருவியின் உறுப்புகளுக்கு இத்தனை பெயர்கள் இருப்பதே அக்கருவி மக்கள் வாழ்வில் எவ்வளவு புழங்கியது என்பதைக் காட்டும்.

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் சிதைவாலும் கொல்கிறது. அம்பு வெட்டிக் குருதி வடியச் செய்து கொல்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வில் வேட்டையின் மற்ற இயல்புகள் எல்லாம் பிறக்கின்றன. வேட்டைக்காரர் விலங்கை மிக நெருங்க வேண்டும். காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்க்க வேண்டும். அம்பு தைத்த விலங்கு உடனே விழாமல் வெகுதூரம் ஓடும் என்பதால், குருதித் துளிகளையும் மிதிபட்ட புல்லையும் பார்த்துப் பொறுமையாகப் பின்தொடர வேண்டும். மலையில் இவை அனைத்தும் இருமடங்கு கடினம். பகலில் சரிவில் மேல்நோக்கியும், குளிர்ந்த மாலையில் கீழ்நோக்கியும் வீசும் காற்று வேட்டைக்காரரின் வாசனையைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே வில் வேட்டை என்பது குறிபார்ப்பதைவிட, விலங்கையும் நிலத்தையும் அறிவதையே பெரிதும் சார்ந்தது.

சங்க இலக்கியத்தில் மலை வேட்டை

சங்க இலக்கியம் மலையும் மலை சார்ந்த இடத்தையும் குறிஞ்சி என்று வகுத்தது. குறவர், வேட்டுவர், எயினர் ஆகியோர் வேட்டையுடன் தொடர்புபடுத்திப் பேசப்படுகின்றனர். சேரர் தம் கொடியிலும் இலச்சினையிலும் வில்லையே பொறித்தனர்.

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வில்லாற்றலைப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் பாடியுள்ளார். ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றின் ஊடே சென்று, புற்றில் இருந்த உடும்பில் தைத்து நின்றது என்பது அப்பாடலின் செய்தி. இது புலவரின் உயர்வுநவிற்சி என்பது தெளிவு. ஆயினும் கொல்லிமலையில் வேட்டைக்கு உரியவையாக அக்காலத்தார் கருதிய விலங்குகளின் பட்டியலாகவும் இதைக் கொள்ளலாம்.

இதற்கு மாறாகப் பெரும்பாணாற்றுப்படை உண்மையான வேட்டையின் கடுமையைக் காட்டுகிறது. நீர் குடிக்க வரும் பன்றிகளுக்காக வேட்டுவர் இரவில் குழியில் மறைந்து காத்திருக்கின்றனர். இரவு வேட்டை கைகூடாவிட்டால் பகலில் நாய்களையும் வலைகளையும் கொண்டு முயல் பிடிக்கின்றனர். பிற மான்களை ஈர்ப்பதற்காகப் பழக்கப்படுத்திய பார்வை மானை விளாமரத்தில் கட்டி வைத்திருந்ததும் அந்நூலில் வருகிறது. மலைபடுகடாம், மலைவழியில் செல்வோருக்குப் பன்றிகளைப் பிடிக்க வைக்கப்பட்ட அடார் என்னும் கற்பொறிகளைப் பற்றி எச்சரிக்கிறது. ஓரியின் அம்பு ஒருமுறையில் ஐந்து விலங்குகளை வீழ்த்தியது. வேட்டுவரோ ஒரு முயலுக்காக ஓர் இரவும் பகலும் உழைத்தனர். வேட்டைச் சமூகத்தின் உண்மை நிலை இரண்டாவதில்தான் உள்ளது.

திண்ணனாரின் முதல் வேட்டை

மலைக்குச் சென்று தங்கி வேட்டையாடும் பயணத்தைத் தமிழில் மிக விரிவாகக் கூறும் பகுதி, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் கண்ணப்ப நாயனார் புராணம் ஆகும். கதை நிகழும் காளத்தி மலை, கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு வடக்கே, பொன்முகலி எனப்படும் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது.

இது பக்தி நூல். எனினும் இதன் முற்பகுதியை வேட்டைச் சமூகத்தைப் பற்றிய ஆவணமாகவும் படிக்கலாம். உடுப்பூர் வேடர் தலைவன் நாகன் முதுமையடைந்ததால் வேட்டை தடைப்படுகிறது. காட்டு விலங்குகள் பெருகி விளைநிலங்களை அழிக்கின்றன. மக்கள் முறையிட, நாகன் தன் மகன் திண்ணனிடம் தலைமையை ஒப்படைக்கிறான். தேவராட்டி வந்து வாழ்த்துகிறாள். வேடர்கள் வலை கட்டி, நாய்களை ஏவி, பறை முழக்கி விலங்குகளைக் கலைக்கின்றனர். ஒரு பன்றி வலையை அறுத்துக்கொண்டு ஓட, திண்ணன், நாணன், காடன் ஆகிய மூவர் மட்டும் அதைப் பின்தொடர்கின்றனர். களைத்து மரநிழலில் நின்ற பன்றியைத் திண்ணன் சுரிகையால் வீழ்த்துகிறான். பின்னர் பசியும் நீர்வேட்கையும் அவர்களைப் பொன்முகலி ஆற்றுக்கு அழைத்துச் செல்கின்றன.

இப்பகுதியில் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று உள்ளது. அந்த வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடர மாட்டார்கள். குட்டிகளைக் கொல்ல மாட்டார்கள். சினையுற்றுத் தளர்ந்து நடக்கும் பெண் விலங்குகளைத் துன்புறுத்த மாட்டார்கள் என்று சேக்கிழார் கூறுகிறார். இளம் உயிர்களையும் சினை விலங்குகளையும் விட்டுவிட்டால்தான் அடுத்த ஆண்டும் காட்டில் விலங்கு இருக்கும். இன்று வனவிலங்கு மேலாண்மை என்று கற்பிக்கப்படும் கருத்தின் கரு இதில் இருக்கிறது. வேட்டைக்கு வரம்பு விதித்தவை பிற்காலச் சட்டங்கள் மட்டுமே என்ற எண்ணத்தை இச்செய்தி திருத்துகிறது.

வேட்டையாடாதவர் கையில் வில்

நீலகிரியின் தொதவர்கள் எருமை வளர்ப்போர். மரபுப்படி புலால் உண்ணாதவர்கள். வேட்டை அவர்களின் தொழில் அன்று. ஆயினும் அவர்களிடம் வில் உண்டு. கருவுற்ற பெண்ணுக்குக் கணவன் சிறு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கை, 1906இல் வெளியான தம் நூலில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் விரிவாக எழுதினார். காட்டில் ஒரு மரத்தில் மாடம் செதுக்கி, அதில் விளக்கேற்றி, குச்சியாலும் புல்லாலும் செய்த வில்லம்பைக் கணவன் மனைவியிடம் தருவான். பிறக்கப்போகும் குழந்தைக்கு அவனே தந்தை என்பதைச் சமூகம் ஏற்பதற்கு இதுவே அடையாளம். பயன்பாடு மறைந்த பிறகும் ஒரு கருவி சடங்கில் நிலைத்திருக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

துப்பாக்கியும் வரையாடும்

19ஆம் நூற்றாண்டில் உதகமண்டலத்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் மலை வேட்டையை உணவுக்காக அன்றி விளையாட்டாகவே மேற்கொண்டனர். சங்க இலக்கியத்தில் வருடை எனப்படும் நீலகிரி வரையாடு அவர்களால் பெரிதும் வேட்டையாடப்பட்டது. செங்குத்தான பாறைகளில் வாழும் இந்த விலங்குக்கு மலையே அரணாக இருந்தது. வில்லுடன் அதை நெருங்குவது மிகவும் கடினம். தொலைவிலிருந்து சுடும் துப்பாக்கி அந்த அரணைப் பயனற்றதாக்கியது.

எண்ணிக்கை குறைவதைக் கண்ட வேட்டைக்காரர்களே நீலகிரி வேட்டைச் சங்கத்தை அமைத்தனர். 1879இல் நீலகிரி வேட்டை விலங்குகள் மற்றும் மீன்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வேட்டையாடக் கூடாத பருவமும் உரிமமும் அதன் வழியே நடைமுறைக்கு வந்தன. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை உருவாக்கியது. இதன் விளைவு இருவகைப்பட்டது. விலங்குகளுக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது. அதே நேரத்தில், உரிமம் பெறும் வசதி உடையவர் வேட்டை விளையாட்டு வீரராகவும், காட்டையே நம்பி வாழ்ந்தவர் திருட்டு வேட்டைக்காரராகவும் கருதப்படும் நிலை உருவானது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் இந்தியாவில் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. துப்பாக்கி, வில், கண்ணி எதுவாயினும் சட்டத்தின் முன் ஒன்றே. நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு முன்பே வழங்கப்பட்டிருந்த வேட்டை உரிமை மட்டும் இச்சட்டத்தால் பாதிக்கப்படாது என்று விலக்களிக்கப்பட்டது. பழங்குடியினரின் காட்டு உரிமைகளை ஏற்ற 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும், மரபுவழி வேட்டை உரிமையை வெளிப்படையாகவே விலக்கிவிட்டது.

இதன் பயனும் கண்கூடு. முக்குருத்தி 1990இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தமிழகத்தின் மாநில விலங்கான வரையாட்டுக்கெனத் தமிழ்நாடு அரசு தனித் திட்டம் தொடங்கியது. 2024இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303 வரையாடுகளும் பதிவாயின. இன்னும் அழியும் நிலையில் உள்ள இந்த இனத்தை வேட்டைத் தடை இல்லாமல் காத்திருக்க முடியாது.

வேட்டை நின்ற பின் வேட்டைக்காரர்

தடையின் மறுபக்கத்தைத் திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் வாழும் இருளர்களிடம் காணலாம். எலி, உடும்பு, முயல், பாம்பு ஆகியவற்றைப் பிடிப்பதில் தேர்ந்தவர்கள் இவர்கள். 1970களில் பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபோது பல குடும்பங்கள் வருவாயை இழந்தன. அதற்கு மாற்றாக 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உரிமத்துடன் பிடித்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விடுவது இதன் முறை. அந்த நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. தடம் பார்க்கும் பழைய அறிவு, உயிரைக் கொல்லாமலும் பயன்படும் என்பதை இது மெய்ப்பித்தது. 2023இல் இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இருளர்களில் ஒரு பகுதியினர் பழவேற்காடு, எண்ணூர்க் கழிமுகங்களில் கையால் இறால் பிடித்து வாழ்கின்றனர். ஆழமற்ற நீரில் சேற்றைத் தடவி, கைக்கு அகப்படும் இறாலைப் பறி என்னும் ஓலைக்கூடையில் இடுவார்கள். இதற்கு வில்லும் வலையும் தேவையில்லை. வேட்டைக்குரிய கைப்பழக்கமே போதும். ஆனால் ஆற்றுமுகம் சாம்பல் கழிவாலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது பரவிய எண்ணெயாலும் பாதிக்கப்பட்டது. காட்டில் வேட்டையைச் சட்டம் நிறுத்தியது. காத்திவாக்கத்தை ஒட்டிய நீரில் இருக்கும் வாழ்வாதாரத்தைக் கழிவு நிறுத்திவிடக்கூடும்.

இலங்கையின் வேடர்களும் இதே சிக்கலைச் சந்தித்தனர். 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அவர்களின் வேட்டைக்காடு அதற்குள் அடங்கிவிட்டது. பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

அமெரிக்காவில் புதுவாழ்வு பெற்ற வில்

வில் வேட்டை உலகில் சில நாடுகளில் இன்றும் சட்டப்படி நடைபெறுகிறது. அமெரிக்காவில் அதன் மறுமலர்ச்சிக்குக் காரணமானவர் இஷி என்ற பழங்குடியினர். கலிபோர்னியாவின் யாஹி மக்களில் எஞ்சிய கடைசி மனிதரான அவர், 1911இல் ஒரோவில் நகரின் அருகே பசியுடன் காணப்பட்டார். அவரது மக்கள் குடியேறிகளின் தாக்குதல்களால் ஏற்கெனவே அழிந்திருந்தனர். பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைக்கப்பட்ட இஷியிடம், சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். 1914இல் இஷியும், போப்பும், மானிடவியலாளர்கள் ஆல்பிரட் குரோபர், தாமஸ் வாட்டர்மன் ஆகியோரும் யாஹி மக்களின் பழைய மலைப்பகுதிக்குச் சென்று கூடாரமிட்டுத் தங்கினர். இஷி 1916இல் காசநோயால் இறந்தார். போப் 1923இல் எழுதிய வில் வேட்டை பற்றிய நூல், மரவில்லைச் சுமந்து மலைகளில் நாட்கணக்கில் தங்கி வேட்டையாடும் இன்றைய அமெரிக்கப் பழக்கத்துக்கு வித்திட்டது. பருவம், உரிமம், எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றுக்கு உட்பட்டே அங்கு வேட்டை அனுமதிக்கப்படுகிறது.

கற்றுக் கொடுத்தவரின் இனம் மறைந்தது. அவரது கலை மற்றவர்களின் பொழுதுபோக்காக வளர்ந்தது. ஒரு மரபுக்கலையைக் காப்பதும், அக்கலைக்கு உரிய மக்களைக் காப்பதும் ஒன்றல்ல என்பதை இஷியின் வாழ்க்கை உணர்த்துகிறது.

இன்றைய நிலை

திண்ணன் கதையில் வந்த சிக்கல் இன்றும் தீரவில்லை. காட்டுப்பன்றிகள் பயிர்களை அழிப்பதாக விவசாயிகள் முறையிடுகின்றனர். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025இல் தமிழக அரசு முடிவெடுத்தது. உடுப்பூர் மக்கள் தலைவனிடம் முறையிட்டனர். இன்றைய மக்கள் அரசிடம் முறையிடுகின்றனர். முறையீடு ஒன்றே, வில் ஏந்தும் உரிமை கைமாறியுள்ளது.

இந்தியாவில் வில் இனி விளையாட்டுத் திடலுக்கும் சடங்குக்கும் அருங்காட்சியகத்துக்கும் உரியது. அது மீண்டும் வேட்டைக்குச் செல்ல வேண்டியதில்லை. ஆனால் காற்றை அறிதல், தடம் படித்தல், குட்டியையும் சினை விலங்கையும் விட்டுவிடுதல் போன்ற அறிவு, வேட்டையோடு சேர்ந்து மறைந்துவிடக் கூடாது. வனக் காவலிலும் விலங்குக் கணக்கெடுப்பிலும் அந்த அறிவுடைய மக்களுக்கு இடமளிப்பதே அதைக் காக்கும் வழி. பூண்டியில் உள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் கொசஸ்தலையாற்றுப் படுகையின் கற்கருவிகளை மாணவர்கள் நேரில் காணலாம். காத்திவாக்கத்தில் கடலைச் சேரும் ஆற்று நீர், அந்தக் கருவிகள் கிடைத்த படுகையைக் கடந்துதான் வருகிறது.